உள்ளரங்கில் ரிவால்வர் பயிற்சி: எந்தத் தோட்டா சரி? கொல்லிமலையிலிருந்து ஒரு கணக்கு

கொல்லிமலையில் ‘துப்பாக்கி’ என்று சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவது போலீஸ் அறிவிப்புதான். “லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வெச்சிருக்கவங்க தாங்களா வந்து ஒப்படைச்சிடுங்க” என்ற வேண்டுகோள் நாமக்கல், சேலம், தருமபுரி மாவட்ட மலைக் கிராமங்களுக்குப் புதிது இல்லை. அதே மலையில், ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரிக்கு அரசே விழா எடுக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகச் சொல்லப்படும் மன்னன். விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. குறி பார்ப்பதைக் கொண்டாடுகிற ஊரில், துப்பாக்கி மட்டும் வழக்கு சம்பந்தப்பட்ட சாமானாகவே நின்றுவிட்டது.

ஆனால் கடந்த சில வருடங்களில் கேள்வி மாறியிருக்கிறது. 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநில துப்பாக்கி சுடுதல் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டு 4 தங்கம், 2 வெண்கலம் வென்ற பிரிவுகளில் அவரது அணியும் இருந்தது. மைதானத்துக்கு வெளியே கூடிய கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் ‘ரைபிள் கிளப்’ என்று ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரிந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 2 வெண்கலம் வாங்கினார். அவரது பயிற்சியாளர் ஜஸ்பால் ராணா, 2006 தோஹா ஆசியப் போட்டியில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தவர். நம் கேள்விக்கு நெருக்கமானது அந்தப் பிரிவுதான். பிஸ்டலும் ரிவால்வரும், .32-ம் .38-ம் புழங்கும் பிரிவு அது.

சரி, கொல்லிமலையின் 14 ஊராட்சிகளில் ஒன்றான குண்டனி நாட்டில் இருந்து ஓர் இளைஞர் 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, நகரத்துக் கிளப் ஒன்றில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு சுவருக்குள் அட்டையைக் குறி பார்த்துச் சுடப் போகிறார். ரிவால்வரில் எந்தத் தோட்டாவைப் போடுவது?

சுருக்கமான பதில்: குறி தப்பாத அளவுக்கு எது மிகவும் சாதுவான தோட்டாவோ, அதுதான் நல்ல தோட்டா. பெரும்பாலானவர்கள் நினைப்பதற்கு இது நேர் எதிர். விரிவான பதிலில் சட்டம், ஈயம், சத்தம் எல்லாம் வருகின்றன.

.32 என்றால் எந்த .32?

இந்தியாவில் தனிநபர் உரிமத்தில் அதிகம் புழங்கும் ரிவால்வர் .32 போர். கான்பூர் அரசு ஆலையில் செய்வது. 2014-ல் பெண்களுக்கென்று சொல்லி அறிமுகப்படுத்திய ‘நிர்பீக்’, 2023-ல் வந்த ‘பிரபல்’ இரண்டும் கான்பூர் தயாரிப்புகள்தான். இதற்கான உள்நாட்டுத் தோட்டா புனே அருகே உள்ள கட்கி ஆலையில் இருந்து வருகிறது. தோட்டாவின் அடிப்பகுதியில் ‘கே.எஃப்.’ என்று பொறித்திருப்பார்கள். நீலகிரி அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் ஃபேக்டரி இப்படிப்பட்ட தோட்டாக்களுக்கான உந்துமருந்து தயாரிப்பில் நூறாண்டைக் கடந்த ஆலை. 2021 அக்டோபர் 1-ல் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 7 நிறுவனங்களாகப் பிரிந்தபோது அருவங்காடும் கட்கியும் ‘மியூனிஷன்ஸ் இந்தியா’ பக்கம் போயின. கான்பூரும், நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இன்னொரு நிறுவனத்தின் கீழ் வந்தன.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ‘.32’ என்ற ஒரே எண்ணில் இரண்டு வேறு தோட்டாக்கள் உண்டு. ஒன்று .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். இது ரிவால்வருக்கானது. அடியில் விளிம்பு நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுழலும் உருளையில் தோட்டா உள்ளே விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அந்த விளிம்புதான். மற்றொன்று .32 ஏ.சி.பி., அதாவது 7.65 மி.மீ. பிரவுனிங். இது மேகசின் வைத்த பிஸ்டலுக்கானது. ‘அஷானி’ பிஸ்டல் சுடுவது இதைத்தான். குட்டையாக இருக்கும், விளிம்பு லேசாகத்தான் தெரியும். “.32 குடுங்க” என்று மட்டும் கேட்டால் பிரச்னை. துப்பாக்கியின் குழல் மேல் என்ன பொறித்திருக்கிறதோ, அதே பெயர் தோட்டா டப்பாவிலும் இருக்க வேண்டும். உள்ளே நுழைகிறதே என்பதற்காக ஒரு தோட்டாவைச் சுடக் கூடாது.

வெளிநாடுகளில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வசதியான உறவினர் உண்டு. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடலாம். விட்டம் ஒன்றுதான், நீளம் மட்டும் குறைவு. அமெரிக்காவில் உள்ளரங்கப் பயிற்சிக்கு வருபவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் மேக்னத்தை வீட்டில் வைத்துவிட்டு .38-ஐ எடுத்து வருகிறார்கள். மாற்றிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

‘பவர்’ எதுக்கு?

அட்டை ஓடிப்போகப் போவதில்லை. அதைத் துளைக்க ஒரு ஏர் பிஸ்டலின் 6 ஜூல் போதும். போட்டிக்கான .32 தோட்டாவின் குண்டு சுமார் 6.35 கிராம், வேகம் விநாடிக்கு 240 மீட்டர் சுற்றுவட்டத்தில். கணக்குப் போட்டால் 183 ஜூல் வரும். .22 லாங் ரைபிள் தோட்டா, 2.6 கிராம் குண்டோடு 140 ஜூல் பக்கம். ஒரு .357 மேக்னம் 780 ஜூலைத் தொடும். அதாவது .32-ஐப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

இந்த நான்கு மடங்கும் எங்கே போகிறது? கொஞ்சம் சுடுபவரின் மணிக்கட்டுக்கு. மிச்சம், அட்டைக்குப் பின்னால் இருக்கும் தடுப்புக்கு. அடுத்தடுத்து அறுபது முறை சுடும்போது (சென்டர் ஃபயர் போட்டியில் நிதானமாக 30, வேகமாக 30 என்று அறுபதுதான்) உதைப்பு அதிகமாக இருந்தால் இருபதாவது ரவுண்டிலேயே கை தானாக முன்கூட்டி நடுங்க ஆரம்பித்துவிடும். விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் தொற்றுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் போக மாட்டேன் என்கிறது. புதியவர்கள் பெரிய தோட்டாவில் தொடங்குவதை அனுபவசாலிகள் தடுப்பது இதற்காகத்தான். சர்வதேச விதி 7.62 முதல் 9.65 மி.மீ. வரை விட்டத்தை அனுமதித்தாலும், போட்டியாளர்களில் பெரும்பான்மையோர் சிறிய எல்லையான .32 பக்கமே நிற்பதும் அதனால்தான்.

தடுப்புச் சுவரைப் பொறுத்தவரை தீர்ப்பு கிளப்புடையது. சாய்த்து வைத்த இரும்புத் தகடா, மணலா, ரப்பரா என்பதை வைத்து ‘இங்கே இது வரைக்கும்தான்’ என்று அவர்கள் சொல்வார்கள். எஃகு உள்ளீடு வைத்த தோட்டா எந்த உள்ளரங்கத்துக்கும் ஆகாது, தெறித்துத் திரும்பும்.

மூக்கு தட்டையாக இருக்கட்டும்

சினிமாவில் காட்டும் தோட்டாவுக்குக் கூர்மையான மூக்கு. போட்டித் தோட்டாவைப் பார்த்தால் “என்னங்க, பாதி உடைஞ்சு போச்சா?” என்று கேட்பீர்கள். முன்பக்கம் சீவியது போலத் தட்டையாக, பெரும்பாலும் உறையின் வாய் மட்டத்துக்கே அமுங்கி இருக்கும். இதற்கு ‘வாட்கட்டர்’ என்று பெயர்.

காரணம் எளிது. உருண்டை மூக்குக் குண்டு அட்டையைக் கிழித்துக்கொண்டு போகும். ஓட்டையின் ஓரம் பிசிறடித்து, உண்மையான விட்டத்தைவிடச் சிறிதாகத் தெரியும். தட்டை மூக்கு, ஆபீஸில் பேப்பர் பஞ்ச் போடுவது மாதிரி வட்டமாக வெட்டி எடுக்கும். 9-க்கும் 10-க்கும் நடுவே கோட்டைத் தொட்டதா, தொடவில்லையா என்ற தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். காற்றைக் கிழித்து நெடுந்தூரம் போக இந்த வடிவம் லாயக்கில்லை. 25 மீட்டருக்கு அது தேவையும் இல்லை.

வேகம் குறைந்த தோட்டாவில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. மருந்து சரியாக எரியாமல் போனால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். ‘டமால்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘டுப்’ என்று மட்டும் கேட்டால், உதைப்பும் இல்லை என்றால், நிறுத்திவிட வேண்டும். அடுத்த குண்டு பின்னால் போய் மோதினால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யலாம். துப்பாக்கி முனையைத் தடுப்புப் பக்கமே வைத்து, ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிட வேண்டும். தானே எட்டிப் பார்க்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஈயம்

நம் ஊரில் யாரும் பேசாத விஷயம் இது. ஆனால் உள்ளரங்கம் என்றாலே முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

போட்டித் தோட்டாக்களில் பெரும்பாலானவை வெறும் ஈயக் குண்டுகள். சுடும்போது பின்பக்கச் சூட்டில் கொஞ்சம் ஈயம் ஆவியாகும். குழலில் உரசிக் கொஞ்சம் பொடியாகும். தடுப்பில் மோதி மிச்சமும் தூளாகும். இது போதாது என்று, தோட்டாவின் அடியில் தீப்பொறி கொடுக்கும் ‘பிரைமர்’ இருக்கிறதே, அதிலும் ஈயச் சேர்மம்தான்: லெட் ஸ்டிஃப்னேட். குண்டு செம்பு பூசியதாக இருந்தாலும் பிரைமரின் ஈயம் காற்றில் கலக்கவே செய்யும்.

ரிவால்வருக்கு இதில் தனி வில்லங்கம். பிஸ்டலில் தோட்டா குழலோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். ரிவால்வரில் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. இல்லாவிட்டால் உருளை சுழலாது. ஒவ்வொரு முறையும் அந்த இடுக்கு வழியாகச் சூடான வாயுவும் ஈயத்தூளும் பக்கவாட்டில் பீறிடும். விரலை அங்கே வைத்தால் சுடும் என்பது எல்லோருக்கும் சொல்லித் தருவார்கள். மூக்குக்கு ஒரு முழம் முன்னால்தான் அந்த இடுக்கு இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ரத்தம், நரம்பு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் எல்லாவற்றிலும் கை வைக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாதிப்பு அதிகம். சுடுகிறவர் பாதிக்கப்படுவதோடு முடியாது. சட்டையிலும் முடியிலும் ஒட்டிய தூள் வீட்டுக்கு வந்து, மடியில் ஏறும் குழந்தைக்குப் போகும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 2009-ல் உள்ளரங்கச் சுடுதளங்களுக்கென்றே தனி எச்சரிக்கை வெளியிட்டது. அது சொல்லும் காற்றோட்டக் கணக்கு எளிமையானது: சுடுபவரின் முதுகுப் பக்கம் இருந்து காற்று சீராக வந்து, தூளை இலக்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், அங்கே வடிகட்டி வெளியேற வேண்டும். சுடும் கோட்டில் நிமிடத்துக்கு 75 அடி வேகம் இருந்தால் நல்லது.

ஏ.சி. போட்டிருக்கிறார்களே, போதாதா? போதாது. ஏ.சி. அறைக்குள் இருக்கும் அதே காற்றைச் சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. தூளும் சேர்ந்து சுற்றும். கிளப்பில் சேரும் முன், “இங்கே காற்று எந்தப் பக்கம் வெளியே போகுது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால், அங்கே ஏர் பிஸ்டலோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். கூரை மட்டும் போட்டு இலக்குப் பக்கம் திறந்திருக்கும் பழைய பாணி 25 மீட்டர் ரேஞ்ச், பார்க்க எளிமையாக இருந்தாலும் இந்த விஷயத்தில் மூடிய ஹாலைவிட மேல்.

ஆக, உள்ளரங்கத் தோட்டா தேர்வில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குண்டை முழுதாகச் செம்போ பாலிமரோ மூடியிருக்கும் வகை. அதிலும் அடிப்பகுதி திறந்திருக்கக் கூடாது, ஏனென்றால் சூடு படுவதே அங்கேதான். சாதாரண ‘ஜாக்கெட்’ தோட்டா பலவற்றில் அடியில் ஈயம் தெரியும். இன்னொன்று, பிரைமரிலும் ஈயம் இல்லாத வகை. வெளிநாட்டில் இது கடையில் கிடைக்கும். இங்கே உரிமம், இறக்குமதி, விலை என்று மூன்று கதவைத் தாண்ட வேண்டும். ஆகவே நடைமுறையில் நம் கையில் இருப்பது குறைந்த வேகம், நல்ல காற்றோட்டம், கட்டுப்பாடான எண்ணிக்கை. பிறகு சோப்பு. சுட்டு முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் கை, முகம் கழுவாமல் டீயையோ பஜ்ஜியையோ தொடக் கூடாது. ரேஞ்சை விளக்குமாறு போட்டுக் கூட்டக் கூடாது. ஈரத் துணியில்தான் துடைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவர் தினக்கூலிப் பணியாளர் என்பதையும் நினைவில் வைக்கலாம். சுடுபவர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறார். கூட்டுபவர் தினமும் இருக்கிறார்.

சத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைத்துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும், சுவர்களுக்குள் எதிரொலியும் சேரும். ஒலியின் வேகமான விநாடிக்கு 340 மீட்டருக்குக் கீழே போகும் தோட்டாவில் அந்தக் கூடுதல் ‘சுளீர்’ இருக்காது. காதுக்குள் அடைப்பான், மேலே மஃப், இரண்டும் வேண்டும்.

வாங்கலாமா, யார் தருவார்கள்?

இதுவரை சொன்னது எல்லாம் தோட்டா கையில் இருந்தால். இந்தியாவில் நாம் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதைவிட உரிமம் நமக்காகத் தேர்ந்தெடுப்பதே அதிகம். உரிமத்தில் எழுதிய போருக்கு, எழுதிய எண்ணிக்கைக்குள் மட்டுமே உரிமம் பெற்ற கடையில் வாங்க முடியும். 9 மி.மீ., .303 போன்ற படைத்தோட்டா வகைகள் சாதாரண உரிமத்துக்குக் கிடையாது.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கான வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கும், அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப் உறுப்பினர் குறி சுடப் பயன்படுத்தும் .22 ரைபிள், ஏர் ரைபிளுக்கும் உரிமம் ‘வழங்க வேண்டும்’ என்கிறது. ரிவால்வர் அந்த வரிசையில் இல்லை. அதற்கு அதிகாரி திருப்தி அடையும் ‘தகுந்த காரணம்’ வேண்டும். கொல்லிமலை விவசாயியின் நாட்டுத் துப்பாக்கியும், நகரத்து விளையாட்டு வீரரின் .22-ம் சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள்! உரிமம் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும்தான் தூரம். மரவள்ளியையும் மிளகையும் பன்றியிடம் இருந்து காக்கத் தாத்தா வைத்திருந்தார் என்ற காரணம், பால்ரஸ் குண்டு போட்ட உரிமமற்ற துப்பாக்கியோடு பிடிபட்டால் நீதிமன்றத்தில் எடுபடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தயாரித்தால் 7 ஆண்டில் இருந்து ஆயுள் வரை. பன்றித் தொல்லைக்கு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த வழியிலும் சுடும் பொறுப்பு வனத்துறையிடம்தான். அதுவும் காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும். காட்டுக்குள்ளேயே ஊர் இருக்கும் மலையில் இது எத்தனை வயலுக்குப் பயன்படும் என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே.

அதே 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றில் இருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் அவர்களுக்கான துப்பாக்கி, பயிற்சித் தோட்டா எண்ணிக்கையை உயர்த்தியது. ஆனால் அந்தச் சலுகை போட்டிகளில் தகுதிப் புள்ளி எடுத்துக் காட்டியவர்களுக்கானது. புதிதாகச் சேருபவர் கிளப் துப்பாக்கியில், கிளப் தோட்டாவில், கிளப் வளாகத்துக்குள் சுடுகிறார். அவருக்குத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பவர் பயிற்சியாளர்.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். “ஞாபகார்த்தமா ஒண்ணு வெச்சுக்கறேன்” என்று சுடாத தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருப்பதும் குற்றம். விமான நிலைய ஸ்கேனரில் பையின் மூலையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவால் வழக்கு வாங்கியவர்கள் உண்டு. தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றம் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அது வரைக்கும் அலைய வேண்டும்.

குண்டனி நாட்டில் இருந்து தொடங்கினால்?

ரிவால்வரில் தொடங்க வேண்டாம். பயிற்சியாளர்கள் அநேகமாக எல்லோரும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான் தொடங்க வைக்கிறார்கள். 4.5 மி.மீ. விட்டத்துக்குள்ளும் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். வெடிமருந்து, புகை, காது அடைப்பு எதுவும் இல்லை. பத்து மீட்டர் என்பது ஒரு பள்ளிக் கட்டடத்தின் நடைக்கூடம் அளவுதான். பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத கெட்டியான தடுப்பும், சொல்லித்தர ஒருவரும் இருந்தால் மலையிலேயே தொடங்க முடியும். இன்று அப்படி ஒரு பயிற்சிக்கு நாமக்கல்லுக்கும் திருச்சிக்கும் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும்தான் பெரும்பாலான பிள்ளைகளை முதல் மாதத்திலேயே வெளியேற்றும்.

நெருப்பு ஆயுதத்தில் பயிற்சி எடுக்க 12 வயது நிரம்பியிருந்தால் விதிப்படி மேற்பார்வையோடு அனுமதி உண்டு. சொந்த உரிமத்துக்கு 21 வயது. 12-க்கும் 21-க்கும் நடுவே ஒன்பது வருடம் இருக்கிறது: முதலில் ஏர் பிஸ்டல், பிறகு .22, அதன் பிறகு .32. அதற்குள் எந்தத் தோட்டா நமக்குச் சரி என்பது டப்பாவைப் பார்த்து இல்லாமல், அட்டையில் விழும் ஓட்டைகளைப் பார்த்தே தெரிந்துவிடும். ஒரே டப்பாவின் பத்துத் தோட்டாக்கள் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுந்தால் அந்த வகையையே, முடிந்தால் அதே தயாரிப்புத் தொகுதி எண்ணிலேயே தொடர்ந்து வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏர் பிஸ்டலின் பெல்லட்டை எடுத்துப் பார்த்தால் அதன் தலையும் தட்டையாகவே இருக்கும். பெரிய தோட்டாவில் சொன்ன அதே காரணம்தான், அட்டையில் ஓட்டை சுத்தமாக விழ வேண்டும். அதுவும் ஈயம்தான். வாயில் நாலைந்தைக் கடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் திருவிழா பலூன் கடைகளில் இன்றும் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.